வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை ஏஐ ஏஜெண்ட் எழுதித் தருமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடி கேஎல் (கோலாலம்பூர்) கம்பெனிக்குக் கோடிங் செய்கிறீர்கள், வாராவாரம் மேனேஜருக்கு அனுப்பும் வேலைச் சுருக்கத்தை ஏஐ ஏஜெண்ட்டை, அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ நிரலை வைத்துத் தானியங்கியாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். தோட்டத்துக் கிராணி (கணக்கர்) செக்ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சம்பளம் போடுகிற கதைதான். செக்ரோல் தப்பாக இருந்தால் கணக்கும் தப்பு.

இங்கே செக்ரோல் என்பது கமிட் பட்டியல்: கோட் மாற்றங்களைக் காக்கும் கிட் என்ற மென்பொருளில் நீங்கள் பதிந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். அந்தப் பட்டியலை ஏஜெண்ட்டைத் தேடச் சொல்லாமல் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எடுங்கள். வெறும் 'கிட் லாக்' கட்டளை, நீங்கள் நிற்கும் கிளையை மட்டும் காட்டும். அதோடு 'பிராஞ்சஸ்' ஆப்ஷன் சேர்த்தால் மெர்ஜ் ஆகாத, அதாவது முக்கியக் கிளையோடு இன்னும் சேராத வேலையும் வரும். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு மின்னஞ்சல், வீட்டில் வேறொன்று என்றால் எழுதியவரை வைத்துத் தேடும் 'ஆதர்' வடிகட்டி பாதியை விழுங்கிவிடும். ஒருவரின் பல மின்னஞ்சல்களை ஒன்றாகக் காட்டும் மெயில்மேப் கோப்பில் இரண்டையும் இணையுங்கள். எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லும் 'சின்ஸ்' பார்ப்பது கமிட்டர் தேதியை, அதாவது கமிட் கடைசியாகப் பதிவான தேதியை. போன மாத வேலையை இந்த வாரம் ரீபேஸ் செய்தால், அதாவது வேறு கமிட்டின் மேல் மறுபடி பதித்தால் அதுவும் புதுசாக வந்து உட்காரும். முதலில் எழுதிய நாளான ஆதர் தேதியையும் எடுத்து, பழையவற்றை ஸ்கிரிப்டில் கழித்துவிடுங்கள்.

ஸ்கிரிப்டை இணையத்தில் தானாக ஓட்டும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓட்டினால், கோடை அங்கே இறக்கும் 'செக்அவுட்' படி வழக்கமாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும். 'ஃபெட்ச் டெப்த்' 0 என்று வையுங்கள், 'பிராஞ்சஸ்' இடத்தில் 'ரிமோட்ஸ்' போடுங்கள். குறித்த நேரத்தில் ஓட்டும் கிரானின் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) கொடுங்கள்: நம் மலேசிய மாலை 5 மணி அங்கே காலை 9. மணி தொடக்கத்தில் நெரிசல், 9:17 என்று போடுங்கள். வீட்டு லினக்ஸ் லேப்டாப்பில் சாதாரண கிரான் வேண்டாம், மூடி வைத்திருந்தால் அந்த வாரம் போச்சு. லினக்ஸில் உள்ள சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' போட்டால் திறந்ததும் விட்டதைப் பிடிக்கும்.

ஏஜெண்ட்டுக்குக் கமிட் செய்தி, கோப்புப் பெயர், டிக்கெட் (வேலைப் பதிவு) எண் போதும். மாறிய கோட் வரிகளான டிஃப் முழுவதையும் கொட்டினால் பாஸ்வேர்டும் சேர்ந்து போகலாம். 5 வரி, ஒவ்வொரு வரிக்கும் 7 எழுத்து ஹேஷ் (கமிட்டின் அடையாள எண்), கமிட் செய்தியில் இல்லாத பலனை எழுதாதே என்று கட்டளை கொடுங்கள். இல்லாவிட்டால் யாருமே அளக்காத வேகம் "கணிசமாகக் கூடியது" என்று அளந்துவிடும். ஹேஷ்களை ஸ்கிரிப்ட் பட்டியலோடு ஒப்பிடட்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அனுப்பாமல் நிறுத்தட்டும்.

இது ஏமாற்று வேலை என்று யாராவது கீழே வந்து சொல்வார்கள். வேலையைச் செய்தது நீங்கள், படித்துப் பார்த்து அனுப்பப் போவதும் நீங்கள். இதில் என்ன ஏமாற்று? கோட் ரிவியூ, மீட்டிங், இரண்டு நாள் பிழை தேடிய பாடு எதுவும் கிட்டில் இருக்காது. அதைக் கையால்தான் எழுத வேண்டும்.

எத்தனை வரி எழுதினாய் என்று கேட்கும் மேனேஜர்களைத்தான் தாங்க முடியவில்லை. பயன்படுத்தும் மென்பொருள் தொகுப்புகளைத் தானாகப் பட்டியலிடும் ஒரு பேக்கேஜ் லாக் கோப்பு மாறினாலே ஆயிரக்கணக்கில் ஏறும். ரப்பர் பாலில் தண்ணீர் ஊற்றி எடை ஏற்றுகிறார்களா என்று தோட்டத்திலேயே மெட்ரோலாக் என்ற அளவுக்கருவியை விட்டுப் பார்ப்பார்கள். இவர்கள் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கச் சொல்கிறார்கள். எண் கேட்டே தீருவார் என்றால் லாக் கோப்புகளைக் கழித்துவிட்டுக் கொடுங்கள்.