பேக்பிளேட் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த ஸ்கூபா கேள்விகளில் பல பேக்பிளேட் பற்றியே இருந்ததால் அவற்றைச் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: பேக்பிளேட் என்பது முதுகில் படியும்படி நடுவில் வளைத்த உலோகத் தட்டு. அதில் ஒரே நீளப் பட்டையைக் கோத்துத் தோளிலும் இடுப்பிலும் கட்டிக்கொள்வார்கள், பின்பக்கம் விங் என்ற காற்றுப்பை, அதற்கும் பின்னால் சிலிண்டர். நாம் பயிற்சியில் போடும் ஜாக்கெட் பிசிடி (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டை) செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

கேள்வி: என் உயரம் ஐந்தடி. புதுச்சேரியில் டைவ் போகும்போது வாடகைக்குத் தரும் ஜாக்கெட் தண்ணீரில் மேலே ஏறிக் காதை இடிக்கிறது, சிலிண்டர் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பேக்பிளேட் வாங்கினால் இது தீருமா? என் உயரத்துக்குச் சின்ன தட்டுதான் வாங்க வேண்டுமா? – வாசகி, சென்னை

பதில்: முதல் தொல்லை தீரும். ஜாக்கெட் மேலே ஏறுவதற்குக் காரணம், அதைக் கீழிருந்து பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததுதான். பேக்பிளேட்டில் கால்களுக்கு நடுவே ஒரு பட்டை வந்து இடுப்புப் பட்டையோடு சேர்ந்துவிடும், தட்டு ஏற வழியே இல்லை.

அளவுக்கு வருவோம். கடையில் உங்கள் உயரத்தைக் கேட்டுத் தட்டு எடுத்துக் கொடுத்தால் அதை நம்ப வேண்டாம், பார்க்க வேண்டியது முதுகின் நீளம். நிற்கும்போது குள்ளமாகவும் உட்கார்ந்தால் உயரமாகவும் தெரிகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வழக்கமான அளவே சரியாக இருக்கும். வழக்கமான தட்டு ஏறக்குறைய 38 செ.மீ. நீளமும் 25 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான அகலமும் இருக்கும். காசு செலவழிக்கும் முன் அந்த அளவில் கெட்டியான அட்டையை வெட்டி, வீட்டில் யாரையாவது முதுகில் வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்துமே, அட்டையின் மேல் விளிம்பு ஏறக்குறைய அந்த மட்டத்தில் இருக்கட்டும். அப்படியே ஸ்டூலில் உட்காருங்கள், முன்னால் குனியுங்கள், இடுப்பைத் திருப்புங்கள். கீழ் விளிம்பு பிட்டத்திலோ இடுப்பெலும்பிலோ இடித்தால் சின்ன தட்டு தேடுங்கள், இடிக்கவில்லையென்றால் வழக்கமானதே போதும்.

ஆனால் "தட்டு குத்துகிறது" என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குற்றம் தட்டில் இல்லை, பட்டையில்தான் என்பது என் எண்ணம். பலர் தோள் பட்டையை ஜாக்கெட்டைப் போல இறுக்கிவிடுகிறார்கள், அது அக்குளில் அறுக்கிறது, கை பின்னால் போவதில்லை, அப்புறம் தட்டையே விற்றுவிடுகிறார்கள். வெட்சூட்டை, அதாவது குளிர் தாக்காமலிருக்கப் போடும் ரப்பர் உடையை, போட்டுக்கொண்டு சரிபாருங்கள், பனியனோடு பார்த்த அளவு கடலில் உதவாது. தோள் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ளங்கை தடையில்லாமல் நுழைய வேண்டும். கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோனால் கட்டைவிரல் தட்டின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் பட்டை தொளதொளவென்று இருக்கிறது, தட்டு கீழே தொங்குகிறது என்று அர்த்தம். இடுப்புப் பட்டையை வயிற்றில் கட்டாமல் கொஞ்சம் இறக்கி இடுப்பெலும்புக்கு மேல் கட்டுங்கள். மார்புக்குக் குறுக்கே போகும் பட்டை தேவையே இல்லை, தோள் பட்டைகள் மார்பின் பக்கவாட்டில் இறங்கினால் உங்களுக்கு அதுவே வசதி. பட்டையைத் துளையிலிருந்து உருவி, ஒரு செ.மீ. நகர்த்தி, மறுபடி கோத்து, போட்டுப் பார்த்து, மறுபடி உருவி... ஒரு மாலைப்பொழுது போய்விடும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

சிலிண்டர் சாய்வது வேறு கதை. ஜாக்கெட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு பட்டைதான் சிலிண்டரைப் பிடித்திருக்கும், பேக்பிளேட்டில் இரண்டு போடலாம். ஆனால் தட்டின் நடுவளைவு பின்பக்கம் துருத்திக்கொண்டிருப்பதால் ஒற்றைச் சிலிண்டர் அதன்மேல் உருளப் பார்க்கும். அதைத் தடுக்க விங்கிலேயே இரண்டு தடுப்புகள் தைத்திருக்கிறதா, இல்லை ஒற்றைச் சிலிண்டருக்கான தனி அடாப்டர் வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நைலான் பட்டையை நனைத்த பிறகே இறுக்குங்கள். காய்ந்திருக்கும்போது இறுக்கினால் தண்ணீரில் நெகிழ்ந்து சிலிண்டர் நழுவும்.

கேள்வி: மலேசியாவின் தியோமான் தீவுப் பக்கம்தான் அதிகம் போகிறோம். 3 மி.மீ. வெட்சூட், அலுமினியச் சிலிண்டர், இடுப்பில் ஐந்து கிலோ ஈயம். நண்பர்கள் ஸ்டீல் தட்டு என்கிறார்கள், விமான எடையை நினைத்தால் அலுமினியம் நல்லதாகப் படுகிறது. எதை வாங்க? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஸ்டீல். உங்கள் உடம்பைவிட உங்கள் சிலிண்டர்தான் இதை முடிவு செய்கிறது. நீங்கள் வழக்கமாக எடுக்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சற்றே மூழ்கும், டைவ் முடியும் நேரத்தில் உள்ளே இருந்த இரண்டரைக் கிலோ காற்றில் பெரும்பகுதி தீர்ந்து மேலே மிதக்கப் பார்க்கும். கடைசியில், மேலே வரும் முன் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டர் ஆழத்தில் நிற்கும்போது பின்பக்கம் தூக்குகிறதே, அது இதனால்தான். அந்த மிதப்பைச் சமாளிக்கத்தான் இடுப்பில் ஈயம் கட்டுகிறீர்கள். 3 மி.மீ. கனமுள்ள ஸ்டீல் தட்டு தரையில் இரண்டரைக் கிலோ என்றால் கடல்நீரிலும் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் இழுக்கும். அதே அளவு அலுமினியத் தட்டு ஒரு கிலோகூட இருக்காது, தண்ணீரில் அரைக் கிலோதான். ஜாக்கெட்டின் பஞ்சுத் திண்டுகள் மிதக்குமே, அதுவும் இனி இல்லை. ஆகவே ஈயத்தில் இரண்டு கிலோவாவது குறையும், அதுவும் இடுப்பிலிருந்து நுரையீரலுக்குப் பின்னால் இடம் மாறுவதால் கால் தொங்காமல் படுத்த வாக்கில் நீந்தலாம். இதற்குப் பிறகும் கால் இறங்கினால் சிலிண்டரையே ஒரு கை அகலம் மேலே ஏற்றிக் கட்டிப் பாருங்கள், தலையை இடிக்காத வரை ஏற்றலாம்.

விமானத்தில் ஒன்றரைக் கிலோ கூடுதல்தான், உண்மை. அதை ரெகுலேட்டரோடு (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) கைப்பையில் வைத்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு, பரிசோதனையில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ஐரோப்பா போன்ற இடங்களில் ஸ்டீல் சிலிண்டர் தருவார்கள். அது காலியானாலும் பெரும்பாலும் மூழ்கியே இருக்கும். மெல்லிய வெட்சூட், ஸ்டீல் சிலிண்டர், ஸ்டீல் தட்டு மூன்றும் சேர்ந்தால் கழற்றிப் போட ஒரு ஈயக்கட்டிகூட இல்லாமல் அதிக எடையோடு இறங்கியிருப்பீர்கள், விங் ஓட்டையானால் நீந்தி மேலே வருவது பெரும்பாடு. அங்கே அலுமினியத் தட்டுதான் சரி.

கேள்வி: தோளுக்குத் திண்டு வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: வேண்டாம். தண்ணீருக்குள் தோளில் பாரமே இல்லை, படகில் நிற்கும் பத்து நிமிடத்துக்காக மிதக்கிற பஞ்சை வாங்கி, அதை மூழ்கடிக்க இன்னும் ஈயம் கட்டுவானேன்?

கேள்வி: இப்போது ஒற்றைச் சிலிண்டர். பின்னால் இரட்டைச் சிலிண்டரோடு ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க ஆசை. அப்போது வேறு தட்டு வாங்க வேண்டுமா? – வாசகர், மட்டக்களப்பு

பதில்: தட்டு அதேதான். நடுக்கோட்டில் மேலும் கீழுமாக இரண்டு துளைகள் இருக்கும், இரண்டுக்கும் இடைவெளி 11 அங்குலம். எந்த நிறுவனத்தின் தட்டாக இருந்தாலும் பெரும்பாலும் இதே கணக்கு. இரட்டைச் சிலிண்டரைப் பிணைக்கும் வளையங்களிலிருந்து வரும் போல்ட்டுகள் விங்கைத் தாண்டி இந்தத் துளைகளில் நுழையும், மரை முதுகெலும்பை ஒட்டிய பள்ளத்தில் அடங்கிவிடும், அதனால் குத்தாது. வேறாக வாங்க வேண்டியது விங். ஒற்றைக்கான விங் போதாது, இரண்டு நிறைந்த அலுமினியச் சிலிண்டர்களில் காற்று மட்டுமே ஐந்து கிலோவைத் தாண்டும். அதற்காக இப்போதே பெரிய விங்கை வாங்கி ஒற்றைச் சிலிண்டரோடு போடாதீர்கள், அது இரண்டு பக்கமும் மடிந்து சிலிண்டரைச் சுற்றிக்கொள்ளும்.

ஹெர்மிஸைப் பொறுத்தவரை, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்குக்கு எல்லையே நாற்பது மீட்டர்தான். எனவே அந்த எல்லையைத் தாண்டுவதற்கான டெக்னிக்கல் பயிற்சிக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். அந்தப் பயிற்சியில் உங்கள் பட்டைகளை ஆசிரியரே உருவிப்போட்டு மறுபடி கோக்கச் சொல்வார்.

கேள்வி: நல்ல பட்டறை ஒன்று தெரியும். தகடு வாங்கி நானே செய்துகொள்ளலாமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக. இதன் தொடக்கமே அப்படித்தான், 1979-இல் வடக்கு ஃபுளோரிடாவின் குகை டைவர்களுக்காக கிரெக் ஃபிளனகன் என்பவர் செய்ததிலிருந்து வந்தது இது. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 3 மி.மீ. கனம் என்று கேட்டு வாங்குங்கள், 304 ரகத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் சீக்கிரம் துருப் புள்ளி விழும். தெரிந்தவரிடம் நல்ல தட்டு ஒன்றை இரவல் வாங்கி அதன் வளைவை அட்டையில் எடுத்துக்கொண்டு போங்கள், கண்ணளவில் வளைத்தால் முதுகில் உட்காராது. துளைகளை 279 மி.மீ. இடைவெளியில், மையத்திலிருந்து மையத்துக்கு, போடச் சொல்லுங்கள். பட்டை நுழையும் வெட்டுகளின் உள்விளிம்பை அரத்தால் உருட்டிவிட்டு, பழைய நைலான் நாடாவை அதில் பலமுறை இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்தால் இன்னும் அராவ வேண்டும்.