மன அழுத்தத்தால் வரும் மனச்சோர்வுக்குச் சீன மூலிகை மருந்து உதவுமா?

கேள்வி: வேலைப்பளுவால் ஏற்பட்ட மன அழுத்தம் மனச்சோர்வாக முற்றிவிட்டதாகக் கூறி, மனநல மருத்துவர் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சீனப் பாரம்பரிய மூலிகை மருந்தால் பக்கவிளைவே இல்லாமல் இது குணமாகும் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். அவர் சொல்வதில் உண்மை உண்டா?

பதில்: ஓரளவு உண்டு. ஆனால் 'பக்கவிளைவே இல்லாமல்' என்ற பகுதியை ஏற்பதற்கில்லை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உடலெங்கும் ஓடும் 'ச்சி' என்னும் உயிராற்றலைத் தடையின்றி ஓடவிடும் பொறுப்பைச் சீன மருத்துவம் கல்லீரலுக்கு அளித்திருக்கிறது. அடக்கிவைத்த கோபமும் தீராத கவலையும் அந்த ஓட்டத்தைத் தேக்கும்போது பெருமூச்சு, விலாப்பக்க இறுக்கம், பசியின்மை, தூக்கக் குறைவு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டும் என்பது அதன் கணிப்பு. இந்தக் கல்லீரலை நவீன உடற்கூற்றியல் காட்டும் உறுப்போடு அப்படியே பொருத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இத்தேக்கத்தை அவிழ்க்கப் பெரிதும் பயன்படுவது 'சியாவ்யாவ் சான்' என்ற கூட்டு மருந்து. சோங் அரச மரபின் காலத்தில் அரசு மருந்தகங்களுக்காகத் தொகுக்கப்பட்ட நூலில் இடம்பெற்ற இதில் சைஹூ வேர், டாங்குய் வேர், வெண் பியோனி வேர், பைஜூ கிழங்கு, ஃபூலிங் என்னும் பூஞ்சை, அதிமதுரம் ஆகியவற்றுடன் சிறிது இஞ்சியும் புதினாவும் சேரும். கஷாயமாகக் காய்ச்சும்போது வேர்களையெல்லாம் முதலில் நன்றாகக் கொதிக்கவைத்து, புதினாவை இறக்குவதற்குச் சற்று முன்னர்தான் போடுவார்கள். முன்னதாகவே போட்டால் அதன் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

எனினும் மனச்சோர்வு என்றாலே இந்த மருந்துதான் என்று எண்ணிவிடக் கூடாது. நாக்கின் நிறத்தையும் படிவையும் பார்த்து, இரு மணிக்கட்டிலும் நாடி பிடித்து, நோயாளியின் அறிகுறிகள் எந்த வகையைச் சேர்ந்தவை என்று தீர்மானித்த பின்னரே மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுப்பார். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை என்பவருக்கு மக்னோலியா மரப்பட்டை சேர்ந்த கஷாயமும், காரணமின்றி அழுகையும் அடிக்கடி கொட்டாவியும் வருகின்றன என்பவருக்குக் கோதுமை, அதிமதுரம், சீன இலந்தைப் பழம் ஆகிய மூன்றே பொருள்கள் கொண்ட கஷாயமும் தரப்படுவதுண்டு. இவ்விரண்டும் ஜாங் ஜோங்ஜிங் என்ற ஹான் அரச மரபுக் காலத்து மருத்துவரின் நூலில் உள்ளவை.

நவீன ஆய்வுகள் வேறொரு வழியில் இதை அணுகுகின்றன. நெடுநாள் மன அழுத்தத்தில் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்னும் அழுத்த ஹார்மோனை ஓயாமல் சுரப்பதால், மூளையில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி பாதிக்கப்படுகிறது. நாள்தோறும் அடைத்துவைத்தும் அலைக்கழித்தும் அழுத்தத்துக்கு உள்ளாக்கப்பட்ட எலி, வெறும் தண்ணீரையும் சர்க்கரைத் தண்ணீரையும் ஒருசேர வைத்தாலும் இனிப்பை முன்போல் நாடுவதில்லை. இன்பத்தில் நாட்டம் அற்றுப்போவதை இப்படித்தான் அளக்கிறார்கள். சியாவ்யாவ் சான் கொடுத்த எலிகளில் அந்த நாட்டம் மீள்வதையும் அழுத்த ஹார்மோன் தணிவதையும் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில், மனச்சோர்வு மாத்திரையோடு இதையும் சேர்த்துக்கொண்டவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிடக் கூடுதலாகத் தேறியதாகப் பல முடிவுகள் வந்துள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை சீனாவிலேயே, சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம், சில வாரங்களே நடந்தவை. கசப்பும் மணமும் மிக்க கஷாயத்துக்கு இணையாக, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்தைத் தயாரிப்பதும் எளிதன்று. ஆகவே துணை மருந்தாக இதற்கு இடம் இருக்கலாம்; மாத்திரைக்கு மாற்றாகக் கொள்ளும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்பதே என் கருத்து.

கேள்வி: அப்படியானால் மாத்திரையோடு சேர்த்து நானே வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். அதிமதுரத்தை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் இரத்த அழுத்தம் கூடும், பொட்டாசியம் குறையும். டாங்குய், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேகத்தைக் கூட்டக்கூடும். சீனாவில் மனச்சோர்வுக்கென விற்கப்படும் கேப்ஸ்யூல் ஒன்றில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை சேர்கிறது. இதை மனச்சோர்வு மாத்திரைகளோடு கலந்தால் மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருள் ஆபத்தான அளவுக்கு மிகக்கூடும், கருத்தடை மாத்திரையின் பலனும் குறையும். மனத்தை அமைதிப்படுத்தும் பழைய உருண்டைகள் சிலவற்றில் பாதரசம் அடங்கிய சாதிலிங்கம் உண்டு. பெட்டியின் மேல் 'இயற்கை' என்று அச்சிட்டிருப்பது இவற்றில் எதையும் தடுக்காது. சீன மருத்துவத்தில் முறைப்படி பயின்ற ஒருவரை அணுகி, அவர் தரும் மருந்தின் உட்பொருள் பட்டியலை உங்கள் மனநல மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பின்னர் தொடங்குங்கள். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை ஆகியவை வந்து நோயே திரும்பிவிட்டதாகத் தோன்றும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால் கஷாயம் வேலை செய்யட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.