நிரல் எழுதத் தெரிந்தும் நேர்காணலில் ஏன் தேறுவதில்லை?

பெருந்துறைப் பக்கம் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் நீங்கள், கணினியில் நடக்கும் முதற்கட்டத் தேர்வுகளில் சிரமமின்றித் தேறிவிட்டு, ஆள் எதிரே அமர்ந்து கேட்கும் தொழில்நுட்பச் சுற்றில் மட்டும் தொடர்ந்து வெளியேற்றப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். நிரல் எழுதத் தெரிந்த ஒருவருக்கு இது ஏன் நேர்கிறது என்பது உங்கள் கேள்வி. கோபிசெட்டிபாளையத்தில் தமிழ்வழியில் படித்து, இப்போது கோவை சரவணம்பட்டியில் பணிபுரிகிறேன். வேலை தேடுபவனாகவும், பிறகு ஆள் எடுப்பவனாகவும் மேசையின் இரு பக்கத்திலும் அமர்ந்திருக்கிறேன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

என் பார்வையில் காரணம் ஒன்றுதான். முதற்கட்டத் தேர்வு விடையை மட்டும் பார்க்கிறது. நேர்காணல் செய்பவரோ நீங்கள் விடையை நோக்கி எப்படிப் போகிறீர்கள் என்பதைக் காதால் கேட்க விரும்புகிறார். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர், வகுப்பில் வாத்தியார் கேட்டால் ஒழியப் பேசக் கூடாது என்று வளர்ந்த பழக்கத்தில், அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நிறுவனத்துக்கு நிறுவனம் சுற்றுகள் மாறும். பெரிய சேவை நிறுவனங்கள் கணக்கு, ஆங்கிலம், எளிய நிரல் ஆகியவற்றில் ஒரு தேர்வை வைத்துவிட்டு, நேர்காணலில் ஜாவா, தரவுத்தளத்தில் தேடப் பயன்படும் எஸ்க்யூஎல், இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கின்றன. சொந்தமாக மென்பொருள் உருவாக்கி விற்கும் நிறுவனங்கள் டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் முறை), அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் படிமுறை) ஆகியவற்றில் இறங்கும். வாடகைக் கார் முன்பதிவு, ரயில் முன்பதிவு போன்ற ஒரு சிறு செயலியைச் சில மணி நேரத்தில் எழுதிக் காட்டச் சொல்லும் சுற்றும் சில இடங்களில் உண்டு. அனுபவம் உள்ளவர்களுக்கு இவற்றோடு சிஸ்டம் டிசைன், அதாவது ஒரு பெரிய மென்பொருளை எப்படிக் கட்டமைப்பது என்ற கேள்வி, சேரும். எந்தச் சுற்றாக இருந்தாலும் மேலே சொன்னது பொருந்தும்.

அடிக்கடி கேட்கப்படும் ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்களின் வரிசை ஒன்றைக் கொடுத்து, கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரக்கூடிய இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒருவர் சில நிமிடங்கள் அசையாமல் திரையைப் பார்த்துவிட்டு, ஹேஷ் மேப் (சேர்த்து வைத்ததைச் சட்டென்று தேடி எடுக்க உதவும் அட்டவணை) வைத்துச் சரியான நிரலை மளமளவென்று எழுதி முடிக்கிறார். விடை சரிதான், ஆனால் மனப்பாடமாக வந்ததோ என்ற ஐயம் எனக்கு எழுந்துவிடுகிறது. இன்னொருவர், ஒவ்வொரு ஜோடியாகக் கூட்டிப் பார்த்தாலும் விடை கிடைக்கும் என்று தொடங்கி, 10,000 எண்கள் இருந்தால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டிவரும் என்று தாமே கணக்கிட்டு, பார்த்த எண்களை ஒரு மேப்பில் சேர்த்துக்கொண்டே போனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தேடல் போதும், ஆனால் அதற்கு நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்று சொல்லி, ஒரே எண் இரண்டு முறை வரலாமா என்று என்னிடம் கேட்கிறார். இவருடைய நிரலில் ஒரு சிறு பிழை இருந்தாலும் நான் இவரைத்தான் எடுப்பேன், ஏனென்றால் நாளை வேலையில் இவர் எங்கே முட்டி நிற்கிறார் என்பது எனக்குத் தெரியவரும்.

இது நியாயமான முறைதானா என்று நீங்கள் கேட்கலாம். முழுக்க நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், 48 கணினி அறிவியல் மாணவர்களில் ஒரு பாதியினரை, நேர்காணல் செய்பவர் பார்த்துக்கொண்டிருக்க, பலகையில் எழுதிப் பேசச் சொன்னார்கள். மறு பாதியினரைத் தனி அறையில் விட்டார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருக்க எழுதியவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போயிற்று. அவர்களில் பெண்கள் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியதுதான் என்றாலும், நேர்காணல் அறிவை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு பதற்றத்தை அளந்துவிடுகிறது என்பதற்கு இது போதிய எச்சரிக்கை. ஆனால் முறை மாறும் வரை காத்திருக்க உங்களால் முடியாது. ஆள் பார்க்கும்போது பேசிக்கொண்டே எழுதும் பழக்கத்தை, விடுதி அறை நண்பரை எதிரே உட்கார வைத்தாவது வளர்த்துக்கொள்ளுங்கள். நண்பருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

அடுத்து ப்ராஜெக்ட். காந்திபுரத்து ப்ராஜெக்ட் சென்டர்களில் காசு கொடுத்து வாங்கி வந்த முகமறி வருகைப் பதிவேட்டை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு மாறாக, திருப்பூரிலிருந்து வந்த ஒரு பெண், தம் மாமாவின் பனியன் கம்பெனிக்கு எழுதிய மென்பொருளைத் தம் விண்ணப்பத்தில் ஒரே வரியில், அதுவும் கடைசியில் போட்டிருந்தார். நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, டையிங் (சாயமேற்றல்), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது) முடிந்து கட்டிங்குக்கு வரும் வரை, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை கிலோ போயிற்று, எத்தனை கிலோ திரும்பியது என்று கணக்கு வைக்கும் மென்பொருள் அது. துணியோடு வரும் டெலிவரி சலானை, சுருக்கமாக டிசியை, வைத்துத்தான் பதிவு. நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

"ஒரே டிசியை ஆபீஸ்ல ரெண்டு பேர் ரெண்டு சிஸ்டத்துல ஒரே நேரத்துல என்ட்ரி போட்டா என்னங்கம்மா ஆகும்?"

"அந்த நம்பர் ஏற்கெனவே இருக்குதான்னு பாத்துட்டுத்தானுங்க சார் சேவ் ஆகும்."

"ரெண்டு பேரு பாக்கறப்பவுமே இல்லீன்னா?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர், "யோசிச்சுச் சொல்லட்டுங்களா சார்" என்று கேட்டுவிட்டு, யோசனையையும் சத்தமாகவே செய்தார். பார்ப்பதற்கும் சேமிப்பதற்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. எனவே நிரலில் பார்ப்பது போதாது, டேட்டாபேஸிலேயே யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது ஒரே பதிவு இரண்டு முறை ஏறாதபடி தடுக்கும் விதி, போட வேண்டும். ஆனால் சலான் எண்ணுக்கு மட்டும் போட முடியாது, இரண்டு சாயப்பட்டறைகளிலிருந்து ஒரே எண்ணில் சலான் வரும். ஆகவே பட்டறையின் பெயரையும் எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும். புது நிதியாண்டில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதால் ஆண்டும் அதில் சேர வேண்டும். கடைசியில் சொன்னது எனக்கே தோன்றாதது. சாயப்பட்டறைக் கணக்கைக் கையால் தொட்டவருக்குத்தான் அது தோன்றும். உங்கள் வீட்டில் விசைத்தறியோ, மஞ்சள் மண்டியோ, கோழிப்பண்ணையோ இருந்தால், அதன் கணக்கு உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரிக்கு வர வேண்டியது. கௌரவக் குறைச்சல் என்று மறைக்க வேண்டியதன்று.

ஆங்கிலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவை நிறுவனங்களில் எதிரே இருப்பவர் தமிழர் என்றால், தொழில்நுட்பச் சுற்றில் தடுமாறும் இடத்தில் தமிழில் விளக்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலை என்றால், அந்தச் சலுகை மனிதவளச் சுற்றில் கிடைக்காது. தெரியாத கேள்விக்கு "தெரியலீங்க சார்" என்று சொல்லிவிடுவதும் நல்லதே, அதோடு நிறுத்தாமல், தெரிந்த எல்லை எதுவரை என்பதையும் சேர்த்துச் சொன்னால். இணையவழி நேர்காணலில் கேள்வி கேட்டதும் கண் பக்கவாட்டில் ஓடி, பத்து நொடி கழித்து அச்சடித்தது போன்ற பதில் வந்தால், சாட்ஜிபிடி வந்த பிறகு அதை யாரும் நம்புவதில்லை. அதனாலேயே நாங்கள் கடைசிச் சுற்றுக்கு ஆளை அலுவலகத்துக்கே வரச் சொல்கிறோம்.

நிராகரிப்பை உங்கள் தகுதியின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மேக் கணினி வைத்திருக்கும் நிரலாளர்கள் மென்பொருள்களை நிறுவப் பெரிதும் பயன்படுத்தும் ஹோம்ப்ரூ என்ற கருவியை உருவாக்கிய மேக்ஸ் ஹோவல், பைனரி ட்ரீயை (ஒவ்வொரு கணுவிலிருந்தும் அதிகபட்சம் இரண்டு கிளை பிரியும் தரவு அமைப்பு) பலகையில் தலைகீழாக்கத் தெரியாததால் கூகுள் தம்மைத் திருப்பி அனுப்பிவிட்டதாக 2015இல் ட்விட்டரில் எழுதியது தொழில்வட்டாரத்தில் பெரிய விவாதமாயிற்று. தேறாதவர்களுக்குக் காரணம் சொல்லாமல், சில நேரம் பதிலே அனுப்பாமல் விட்டுவிடுவது இந்தத் துறையின் கெட்ட பழக்கம்; எங்கள் அலுவலகத்திலும் அது இருக்கிறது, நான் சொல்லியும் மாறவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் முதல் வேலை தேடுபவருக்குச் சொல்ல வேண்டியது. வேலைக்காகப் பணம் கட்டச் சொன்னால், அது முன்வைப்புத் தொகை என்றாலும் பயிற்சிக் கட்டணம் என்றாலும், எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தருவது முறை. இத்தனை ஆண்டு இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால், சம்பளம் எவ்வளவு என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தக் கடிதத்தில் பாண்ட் காலமும் (விலகாமல் இருக்க வேண்டிய காலம்), விலகும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் எழுதியிருக்கும். 90 நாள் என்றிருந்தால், அடுத்த வேலைக்கு மாறும்போது புது நிறுவனம் அத்தனை நாள் காத்திருக்குமா என்பது அப்போது பெரிய சிக்கலாகும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.