வீட்டில் வைக்க எந்த கார்டியோ மெஷின் நல்லது: டிரெட்மில்லா, சைக்கிளா?

கார்டியோ என்பது இதயத்துடிப்பை ஏற்றி, கொஞ்ச நேரம் இறங்கவிடாமல் வைத்திருக்கும் உடற்பயிற்சி. எந்த மெஷினும் செய்வது இதைத்தான். இதயமும் ஒரு தசை. பழக்கினால் ஒரு துடிப்பிலேயே கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். அடிபம்பில் பழகிய கை சில அடியிலேயே குடத்தை நிரப்புவதுபோல.

முட்டி வலி இருந்தால் சைக்கிளே மேல், உடல் எடையை சீட் தாங்கிக்கொள்ளும். பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை ஏற்றிவையுங்கள். நடக்கத்தான் பிடிக்கும் என்றால் டிரெட்மில். ஆனால் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராமலிருக்க அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போடுங்கள். பெசன்ட் நகர் பக்கம் பால்கனியில் வைத்தால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். (துணி காயப்போடவே மெஷின் வாங்கியவர்களும் உண்டு, அது வேறு கதை.)

வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. வயதுவந்தவர்களுக்கு இந்த வேகத்தில் வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம், வியர்வை கொட்டினால் கொழுப்பு கரைகிறது என்பது தவறு: சென்னைப் புழுக்கத்தில் அது ஆவியாகாமல் வழிகிறது, அவ்வளவுதான், அதில் குறையும் எடை தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும், தாராளமாக ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள்.