வாசகர் கேள்வி: 3 இலட்சத்தில் ஒரு மாயப் படம்

கேள்வி: நாங்கள் தோட்டத்து இளைஞர்கள் ஐந்து பேர். கையில் 3 இலட்சம் ரூபாயும் பழைய கமரா ஒன்றும் இருக்கின்றன. தேயிலை மலைக்கு மேல் நெருப்புக் கக்கும் நாகம் பறந்து வரும் கதை. நாகத்தைக் கணினியில் செய்து தர ஒருவர் 2 இலட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், தலவாக்கலை)

கொடுக்காதீர்கள், தம்பி. மிச்சம் ஒரு இலட்சத்தில் ஐந்து பேருக்குச் சாப்பாடு போட்டுப் படம் முடிக்க முடியாது. அதைவிட, அந்த நாகம் நம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கதை எதிலும் வந்ததில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நம்மிடம் ரோதைமுனி இருக்கிறார். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோதை என்கிற பெரிய சக்கரம் சுற்றும் இடத்தைக் காக்கிற சாமி. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி இருக்கிறார். மாசியில் மன்மதன் எரிந்து ரதி அழுகிற காமன் கூத்து இருக்கிறது. யாருமில்லாத ஸ்டோரில் நடுராத்திரி ரோதை தானாகச் சுற்றத் தொடங்குகிறது. வாட்சர் கையில் டோர்ச் நடுங்குகிறது. இதை எடுக்க உங்களுக்குத் தேவை நல்ல சத்தமும் ஒரு நல்ல முகமும்தான்.

மாயம் ஒன்று கண்ணில் பட்டே ஆக வேண்டுமென்றால், படத்துக்கு ஒன்றே ஒன்று வையுங்கள். அதைக் கையால் செய்யுங்கள். எங்கள் படத்தில் செத்துப்போன அப்பாயி அடுப்படியில் வந்து நிற்பார். 1862இல் ஜோன் பெப்பர் என்பவர் லண்டன் மேடையில் காட்டிய கண்ணாடி வித்தை அது. ஹட்டனில் ஒரு கடையில் 4 அடிக்கு 3 அடி, ரசம் பூசாத வெறுங்கண்ணாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து, சாக்கில் சுற்றி, இரண்டு பேர் லயம் வரைக்கும் தூக்கி வந்தோம். லயத்து அறையான காம்பராவுக்குள் கமரா அடுப்பை நேராகப் பார்க்கிறது. நடுவில் கண்ணாடி, 45 பாகை சரிவாக. பக்கத்துக் கதவுக்கு வெளியே இஸ்தோப்பு (தாழ்வாரம்) முழுக்கக் கறுப்புத் துணி. அதன் முன்னால், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்கு கட்டிய அப்பாயி. அவர் மேல் விளக்கை மெல்லக் கூட்டினால் அடுப்புப் பக்கத்தில் உருவம் தெளியும். குறைத்தால் கரைந்து போகும். தேத்தண்ணி ஆவி அவர் கைக்குள்ளே புகுந்து போனதைப் பார்த்தபோது எங்களுக்கே உடம்பு சிலிர்த்தது.

முதல் தடவை அவர் முழங்கால் வரை தரைக்குள் புதைந்து நின்றார். இஸ்தோப்புத் தரை காம்பராவைவிடத் தாழ்வு. இரண்டு சிமெந்துக் கல் போட்டு ஏற்றினோம். கண்ணாடியிலிருந்து அடுப்பு எவ்வளவு தூரமோ, அவரும் அதே தூரத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று மங்கிவிடும். எல்லாம் சரி என்று நினைத்தபோது, பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: “எங்க மாமியா ஒருநாளும் இந்தத் தோள்ல முந்தானை போட்டது இல்லியே.” கண்ணாடியில் இடம் வலமாகிவிடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சேலையை மாற்றிக் கட்டி மறுபடி எடுத்தோம். கண்ணாடி, துணி, விளக்கு எல்லாம் சேர்த்துச் செலவு 11,000 ரூபாய்.

கேள்வி: ஜூலையில் ஹட்டனில் படப்பிடிப்பு வைத்திருக்கிறோம். மழைக்கு என்ன செய்வது? (வாசகி, பொகவந்தலாவை)

இடத்தை மாற்றுங்கள், தங்கச்சி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தை விடாது. அதே ரயில் பாதையில் பண்டாரவளைக்குப் போனால் கச்சான் என்கிற மேல்காற்று காய்ந்து வீசிக்கொண்டிருக்கும். டிசெம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். அப்போது பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம்தான் நனையும்.

பனிமூட்டம் வேண்டுமென்றால் அது வந்தவுடன் தூரக்காட்சியை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் கலைந்து போகும். முகத்தை நெருக்கமாக எடுப்பதைப் பிறகு எந்த வெளிறிய வானத்தை வைத்தும் பொருத்தலாம். நாங்கள் இதை மாற்றிச் செய்து ஒரு காலை முழுக்க இழந்தோம். குளிரிலிருந்து கமராவை நேரே அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள், லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடி அரை மணி நேரம் வையுங்கள். இரவில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்க மறந்தால் பூஞ்சணம் பிடிக்கும். என்னுடைய லென்ஸ் ஒன்று அப்படித்தான் போனது.

கேள்வி: மாய உலகத்துக்கு செட் போடப் பணமில்லை. (வாசகர், நோர்வூட்)

மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலத்தில் மஸ்கெலியாவுக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீருக்குள் போன பழைய ஊரின் கோயில்கள் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். முதலில் உரியவர்களிடம் அனுமதி வாங்குங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். இன்னும் அங்கே கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: லயத்து ஆட்களை நடிக்கக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருகிறார்கள். காசு கொடுக்க வேண்டுமா? (வாசகர், பதுளை)

கட்டாயம் கொடுக்க வேண்டும். வேலை நாளில் வந்தால் அவர்களுக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் வேலைக் கணக்கு, போகிறது. ஒரு நாள் பேருக்குரிய முழுச் சம்பளத்தையும் அன்று மாலையே கையில் கொடுங்கள். படம் ஓடினால் பார்ப்போம் என்று சொல்லாதீர்கள். வெறும் சாப்பாட்டுப் பார்சலோடு ஆட்களை அனுப்பிவைத்த படப்பிடிப்பு ஒன்றில் நானும் உதவியாளாக நின்றிருக்கிறேன். அந்த லயத்துப் பக்கம் போக இன்றைக்கும் எனக்கு முகமில்லை. கையில் காசு குறைவென்றால் நாகத்தை வெட்டுங்கள், ட்ரோனை வெட்டுங்கள், இதில் கை வைக்காதீர்கள். பெயர்களையும் விடாமல் போடுங்கள். எங்கள் படத்தில் ‘உடை மேற்பார்வை’ என்ற இடத்தில் இருப்பது முந்தானையைக் கண்டுபிடித்த அந்த அக்காவின் பெயர்.