தியரி எதற்கு, கேமரா எப்போது?

கேள்வி: ஊர் குலசேகரம். பிளஸ் டூ வணிகவியல் பிரிவு முடித்திருக்கிறேன். திரைப்படக் கல்லூரியில் இயக்கமோ ஒளிப்பதிவோ படிக்க ஆசை. “முதல் வருஷம் முழுக்கத் தியரிதான், கேமராவைத் தொடவே நாளாகும்” என்று சொல்கிறார்கள். தியரி உண்மையிலேயே தேவையா? ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எப்படித் தயாராவது?

பதில்: ஒளிப்பதிவு ஆசையை முதலில் பார்த்துவிடுவோம், விண்ணப்பத்திலேயே தடை வரும் இடம் அது. சென்னை தரமணியில் இருக்கும் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூவுக்குப் பிறகு 4 ஆண்டுப் பட்டப்படிப்புகள் உண்டு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்ற பிரிவுகளுக்கு இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும். இயக்கம், படத்தொகுப்புக்கு அந்த நிபந்தனை இல்லை. இந்த ஆண்டு விவரக் குறிப்பேட்டை ஒரு முறை சரிபார்த்துவிட்டு இயக்கத்துக்கு விண்ணப்பியுங்கள்.

புனே, கொல்கத்தாவில் உள்ள மத்திய அரசு நிறுவனங்களின் 3 ஆண்டுப் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். நாகர்கோவில் பக்கமே பி.காம். முடித்துவிட்டு அங்கே போவதும் நல்ல வழிதான். அந்த மூன்று வருஷம் வீண் இல்லை. பட்ஜெட், கால்ஷீட், வாடகை, பேட்டா என்று படத் தயாரிப்பில் பாதி கணக்குதான். கணக்குத் தெரிந்த இயக்குநரின் படம் பாதியில் நிற்பது குறைவு.

இனி தியரி. கேமராவை எங்கே வைப்பது, எப்போது வெட்டுவது என்று முடிவெடுக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணங்களின் தொகுப்பைத்தான் தியரி என்கிறோம். தனியாகப் படித்தால் வறட்சியாகத்தான் இருக்கும். எடுத்துப் பார்த்துக்கொண்டே படித்தால் ஒட்டிக்கொள்ளும்.

தொடங்க வேண்டியது ஷாட் பிரிப்பு. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைப்பட்ட துண்டுதான் ஷாட். பிடித்த ஒரு படத்தில் வசனம் குறைந்த 3 நிமிடக் காட்சியை எடுங்கள். முதல் முறை ஒலியை அணைத்துப் பாருங்கள். நோட்டில் ஆறு பத்திகள்: ஷாட் எண், நீளம் (நொடியில்), அளவு (க்ளோசப், மிட், வைட்), கேமரா உயரமும் அசைவும், ஒலி, இந்த ஷாட்டில் புதிதாக என்ன தெரிந்தது. ஒலிப் பத்தியை மட்டும் இரண்டாம் முறை கண்ணை மூடிக் கேட்டு நிரப்புங்கள். 180 நொடியில் 45 ஷாட் இருந்தால் சராசரி 4 நொடி. 20 ஷாட் என்றால் 9 நொடி. இந்த ஒரு எண்ணே இயக்குநர் நம்மை அவசரப்படுத்துகிறாரா, காத்திருக்கச் சொல்கிறாரா என்று காட்டிவிடும்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, ஷாட்டுக்குப் பதில் கதையை எழுதுவது. “அம்மா அழுகிறாள்” என்பது கதை. “அம்மாவின் முதுகு, வைட், 11 நொடி, அசைவில்லை, அழுகை ஒலி மட்டும்” என்பது ஷாட். முகத்தை ஏன் காட்டவில்லை என்ற கேள்வி இரண்டாவது குறிப்பிலிருந்துதான் பிறக்கும். இப்படிப் பத்துக் காட்சி பிரித்தவர் நேர்முகத்தில் திணற மாட்டார்.

அடுத்தது எடுத்துப் பார்ப்பது. உங்கள் ஊரில் இதற்கு ரப்பர் பால்வெட்டைவிடப் பொருத்தமான விஷயம் கிடையாது. தொடக்கமும் முடிவும் உள்ள கை வேலை, ஒரே செயல் மரத்துக்கு மரம் திரும்ப நடக்கிறது, எடுக்கத் தவறிய ஷாட்டை அடுத்த மரத்தில் பிடித்துவிடலாம். வெட்டுபவரிடம் முந்தைய நாளே அனுமதி கேட்டு, வேலையைத் தடுக்காமல் நில்லுங்கள்.

போனில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று கையால் அமையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50-ல் இரண்டு துடிப்பு முழுதாக அடங்கும். 1/60-ல் அடங்காது, ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்குள் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். வெள்ளைச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள். இலைப் பச்சையைப் பார்த்து அது ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாற்றும். 5600 கெல்வினில் பூட்டுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள்.

வெளிச்சம் காத்திருக்காது. நம் குமரி மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரி வடக்கேதான் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். தொடுவானத்திலிருந்து 6 டிகிரி உயரச் சுமார் 25 நிமிடமே பிடிக்கும். அதன்பின் இலைகளுக்கிடையே வெயில் பொட்டுப் பொட்டாக விழ, போன் கேமரா வெளுப்பையும் நிழலையும் சேர்த்துப் பிடிக்க முடியாமல் திணறும். ஆகவே வைட் ஷாட்களை முதலில் எடுங்கள். க்ளோசப்பை வெயில் வந்தபின் ஒரு வெள்ளை வேட்டியால் மறைத்து எடுக்கலாம்.

புதியவர்களின் படம் பெரும்பாலும் கெடுவது ஒலியில்தான். இரண்டாவது போன் ஒன்றைக் கடன் வாங்கி, கத்தி பட்டையைச் சீவும் இடத்துக்கு ஒரு முழ தூரத்தில் வைத்துத் தனியாகப் பதியுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு கைதட்டல் இருந்தால் பிறகு படத்தோடு பொருத்துவது எளிது. சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது) 48 கிலோஹெர்ட்ஸ் போதும். உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம், 0-வைத் தொட்டு உடைந்த ஒலியைச் சரிசெய்ய வழியில்லை. கிளம்பும் முன் யாரும் பேசாமல் தோட்டத்தின் ஒலியை மட்டும் 60 நொடி பதியுங்கள். வெட்டுகளுக்கிடையே விழும் ஓட்டைகளை அடைக்க அது வேண்டும். முட்டம், குளச்சல் கடற்கரைக்குப் போனால் காற்று மைக்கில் அடித்து ‘புடுபுடு’ என்று கெடுக்கும். மைக்மேல் ரோமத் துணி உறை அவசியம்.

அந்தப் பால்வெட்டை இரண்டு விதமாக எடுங்கள். ஒன்று, கத்தி வைப்பது முதல் சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) பால் சொட்டுவது வரை வெட்டே இல்லாத ஒரே ஷாட். இன்னொன்று, அதே செயல் எட்டு ஷாட்டில். முதல் படத்தில் நேரம் கனக்கும், உழைப்பு உழைப்பாகத் தெரியும்; பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாஸான் நீண்ட ஷாட்டுக்காக வாதாடியது இதற்காகத்தான். இரண்டாவதில் அர்த்தம் ஷாட்களின் மோதலில் பிறக்கும். அது சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் பக்கம். பிறகு தொழிலாளியின் சலனமில்லாத முகத்தை ஒரு முறை நிரம்பிய சிரட்டைக்கு அடுத்தும், ஒரு முறை காலிச் சிரட்டைக்கு அடுத்தும் வைத்துப் பாருங்கள். ஒரே முகம் ஒரு முறை நிம்மதியாகவும் மறுமுறை கவலையாகவும் தோன்றும். குலெஷொவ் விளைவு என்று முதல் பருவத்தில் சொல்லித்தருவது இதையே.

எட்டு ஷாட் எடுக்கையில் ஒரு கவனம். வெட்டுபவருக்கும் மரத்துக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். கோட்டைத் தாண்டினால் இடது பக்கம் இருந்தவர் சட்டென வலது பக்கம் போனதுபோல் தெரியும். ஒவ்வொரு ஷாட்டிலும் முன்னும் பின்னும் 5 நொடி கூடுதலாக ஓட விடுங்கள், எடிட்டிங்கில் கை நெருக்கடி இருக்காது.

திரைப்பட வரலாறும் தூரத்துப் பாடம் இல்லை. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே.சி.டானியல் நம் அகஸ்தீசுவரத்தில் பிறந்தவர். படத்தின் பிரதி இன்று கிடையாது. வெளியானது 1928-லா 1930-லா என்பதிலேயே கருத்து வேறுபாடு. நாயர் பெண்ணாக நடித்ததற்காக, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த நடிகை பி.கே.ரோசி தாக்குதலுக்கு ஆளாகி ஊரைவிட்டே போக நேர்ந்தது. இல்லாத படத்தின் வரலாற்றை எதை ஆதாரமாக வைத்து எழுதுவது, திரையில் யார் யாராக நடிக்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? பல்கலைக்கழகத்தில் சினிமா தியரி கேட்கும் பெரிய கேள்விகள் இவைதான். அவை உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்குகின்றன.

டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவைத் தவறவிடாதீர்கள். குழித்துறையில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம்தான்; மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு, இணையத்தில் முன்பதிவு வேண்டும். ஒரு நாளைக்கு 3 படம் போதும், ஐந்து பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது.

தனியார் கல்லூரியானால் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஒரு மாணவருக்கு ஆண்டில் எத்தனை நாள் கேமரா கிடைக்கும், இறுதிப் படத்தின் செலவு யாருடையது, படத்தின் உரிமை யாரிடம் இருக்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் கடந்த ஆண்டு மாணவர் படம் இரண்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தோடு படம் கேட்டால் உங்கள் பால்வெட்டுப் படத்தையே 3 நிமிடத்துக்குள் தொகுத்து அனுப்புங்கள். தலைப்பு அட்டை, லோகோ, இறக்கிச் சேர்த்த பின்னணி இசை எதுவும் வேண்டாம். கத்தி பட்டையில் இறங்கும் சத்தத்திலிருந்தே தொடங்கட்டும்.