நெல்லுக்கு ஒரு செயின், சக்கைக்கு ஒரு செயின்

கேள்வி: பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறேன். நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். எங்கு பார்த்தாலும் ரப்பர் பெல்ட்தான் ஓடியது. அவ்வளவு பெரிய இடத்துக்கே பெல்ட் போதும் என்றால், சரக்கைச் சங்கிலியால் இழுத்துச் செல்லும் செயின் கன்வேயர் எதற்கு ஐயா?
– கடலூர் மாவட்ட மாணவர்

பதில்: நெடுந்தூரத்துக்கு, நிறைய சரக்கை, வேகமாகக் கொண்டுபோக பெல்ட்டை மிஞ்சியது இல்லை. செயின் தன் எடையையும் சேர்த்தே இழுத்தாக வேண்டும். இரும்போடு இரும்பு உராய்வதால் மெதுவாகத்தான் ஓட முடியும். ஆனால் சூடு, கூர்மை, செங்குத்தான ஏற்றம், தூசி ஆகிய நான்கும் ரப்பருக்கு ஆகாதவை. சிமெண்ட் ஆலையில் சூளையில் வெந்து கட்டி கட்டியாக வரும் கிளிங்கர், குளிர்விப்பானைக் கடந்த பிறகும் கை வைக்க முடியாத சூட்டில்தான் இருக்கும். அதைச் சுமப்பவை செயினில் பூட்டிய எஃகுத் தட்டுகள். அந்த வகையின் பெயர் பேன் கன்வேயர். அனல் மின் நிலையக் கொதிகலனின் அடியில் விழும் சாம்பலை, தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே ஓடும் ஸ்கிரேப்பர் செயின் குளிரவைத்து இழுத்து மேலே ஏற்றிவிடுகிறது. சாதாரண பெல்ட் ஏறக்குறைய 18 முதல் 20 பாகை சாய்வு வரைதான் தாங்கும். அதற்கு மேல் சரக்கு பின்னோக்கிச் சரியும். செயினில் வாளிகளைக் கோத்துவிட்டால் நேர் செங்குத்தாகவே ஏற்றலாம்.

கார் ஆலைகளில் தலைக்கு மேலே ஓடும் செயினையும் நீங்கள் பார்க்க வேண்டும். அதில் ஒரு வண்டிக்கூடு மட்டும் நிற்க, மற்றவை நகர வேண்டியிருந்தால், செயினுக்கு ஒரு தடமும் சரக்கைத் தாங்கும் தள்ளுவண்டிக்கு இன்னொரு தடமுமாக இரண்டு அடுக்கு வைப்பார்கள். அதைத்தான் ‘பவர் அண்ட் ஃப்ரீ’ என்கிறோம்.

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் நெல் இறக்கும் குழியிலிருந்து தொட்டிகளுக்கு ஸ்க்ரூ கன்வேயரில் (திருகுபோல் சுழன்று சரக்கைத் தள்ளும் இயந்திரம்) நெல் போகிறது. வழியிலேயே உமி உரிந்து நொய் விழுகிறது. செயினுக்கு மாறலாம் என்று விசாரித்தால் ஒருவர் டிராக் செயின் என்கிறார், ஒருவர் ஸ்கிரேப்பர் என்கிறார், மூன்றாமவர் என்-மாஸ் என்கிறார். எதை வாங்குவது?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஸ்க்ரூவின் விளிம்புக்கும் அது சுழலும் நீள்தொட்டியின் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் நெல்மணி சிக்கித்தான் உடைகிறது, ஆகவே மாற வேண்டும் என்ற உங்கள் முடிவு சரியானது. டிராக் செயின் என்பது பொதுப்பெயர். நீள்தொட்டியின் அடியில் செயின் ஓடி, சரக்கை அதன் வழியே இழுத்துச் செல்லும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஸ்கிரேப்பரில் செயினின் குறுக்கே உயரமான சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டமும் தனக்கு முன்னால் ஒரு குவியலைத் தள்ளிக்கொண்டு போகும். சாம்பல், சக்கை, கட்டி கட்டியான சரக்கு ஆகியவற்றுக்கு அது பொருந்தும்.

என்-மாஸ் வேறொரு விதத்தில் வேலை செய்கிறது. 1920 வாக்கில் ஆர்னால்ட் ரெட்லர் என்ற இங்கிலாந்து மாவு ஆலைக்காரர் கண்டறிந்த முறை இது. தானியத்துக்குள் மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள பிடிப்பு, தானியத்துக்கும் வழவழப்பான சுவருக்கும் இடையே உள்ள உராய்வைவிட அதிகம். ஆகவே தொட்டியின் அடியில் ஒல்லியான சட்டங்களோடு ஒரு செயினை இழுத்தாலே போதும், அதற்கு மேல் உள்ள நெல் முழுவதும் ஒரே பாளமாக, கலையாமல், புரளாமல் நகரும். ஓடும்போது ஆய்வு மூடியைத் திறக்காமல் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பாருங்கள்: மேல்பரப்பில் கிடக்கும் ஒரு வைக்கோல் துணுக்குகூட, படகில் உட்கார்ந்திருப்பதுபோல், தன் இடம் மாறாமல் கடந்து போகும். மணி புரளாததால்தான் உடைவதும் குறைகிறது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. தொட்டியின் அகலம் 200 மில்லிமீட்டர், நெல்லின் உயரம் 200 மில்லிமீட்டர், செயினின் வேகம் நொடிக்கு 0.3 மீட்டர் என்றால், மணிக்கு சுமார் 43 கன மீட்டர் நகரும். ஒரு கன மீட்டர் நெல் ஏறக்குறைய 575 கிலோ என்று கொண்டால், அது 25 டன்னுக்குச் சற்றே குறைவு. பாளம் செயினைவிடக் கொஞ்சம் பின்தங்குவதால் 20 டன் என்று திட்டமிடுங்கள். இதே அளவுப் பெட்டியில் 40 டன் வரும் என்று யாராவது விலைப்புள்ளி கொடுத்தால், வேகத்தை இரட்டிப்பாக்கித்தான் கொடுக்கிறார் என்று அறிந்து, அந்த வேகத்தை எழுத்தில் கேளுங்கள். வேகம் கூடினால் நெல்லும் உடையும், அடித்தகடும் தேயும். உமியில் சிலிக்கா நிறைந்திருப்பதால் நெல் உப்புத்தாளைப்போல் தகட்டை அராவும். ஆகவே அடியில் கழற்றி மாற்றக்கூடிய தேய்தகடு இருக்க வேண்டும். இறக்கும் முனையில் அடைப்பு ஏற்பட்டால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும், பின்முனைத் தண்டு சுற்றுகிறதா என்று பார்க்கும் சென்சாரும் இல்லாத இயந்திரத்தை வாங்கவே வாங்காதீர்கள். அவை இல்லாவிட்டால், செயின் அறுந்த பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். தூசி நிறைந்த மூடிய பெட்டிக்குள் அது ஆபத்து.

கேள்வி: புதிதாகப் போட்ட ஸ்லாட் கன்வேயர் (செயினில் பட்டைகளைப் பூட்டிய வகை) ஓடும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. மேலே நிற்க வைத்த புட்டிகள் சாய்கின்றன. செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 6 பற்கள்தான் உள்ளன. காரணம் அதுவா?
– ஓசூர் வாசகர்

பதில்: பெரும்பாலும் அதுதான். செயின் ஸ்ப்ராக்கெட்டை வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாகச் சுற்றுகிறது. அதனால் தண்டு சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்கும். 6 பல்லில் இந்த ஏற்றத்தாழ்வு சுமார் 13 சதவீதம், 8 பல்லில் 7.5 சதவீதம், 12 பல்லில் 3.5 சதவீதம். இடமிருந்தால் பற்களைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் சிறிய பிட்ச் (ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டு வரையுள்ள நீளம்) உள்ள செயினுக்கு மாறுங்கள்.

கேள்வி: சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். கரும்புச் சக்கையைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும் கேரியரின் செயின் ஒவ்வொரு அரவைப் பருவத்திலும் நீண்டுவிடுகிறது. இழுவை திருகாணி கடைசிக்கு வந்ததும் இரண்டு லிங்க்கை (சங்கிலிக் கண்ணியை) கழற்றிவிட்டு ஓட்டுகிறோம். இப்போது செயின் ஸ்ப்ராக்கெட் பல்லின் மேல் ஏறி ஏறி விழுகிறது. ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் சரியாகுமா?
– ஒரு வாசகர்

பதில்: சரியாகாது, தம்பி. நீண்டது லிங்க்கின் தகடு அல்ல. ஒவ்வொரு மூட்டிலும் நடுவே செல்லும் ஊசியான பின்னும் அதைச் சூழ்ந்த குழலான புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. லிங்க்கைக் கழற்றினால் தொய்வு போகுமே தவிர, மிச்சமிருக்கும் ஒவ்வொரு பிட்ச்சும் நீண்டதாகவே இருக்கும். நீண்ட பிட்ச் பல்லின் அடியில் உட்கார முடியாமல் நுனிக்கு ஏறுகிறது. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் புஷ் வைத்த ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றதே இந்தத் தேய்மானத்துக்காகத்தான். அதற்கு முன் மெல்லிய தகட்டின் விளிம்பே பின்னின் மேல் உராய்ந்தது; புஷ் வந்த பிறகு சுமை அதன் நீளம் முழுவதும் பரவியது.

பழைய லிங்க் ஒன்றை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். நான் அறுத்தபோது, புஷ்ஷின் ஒரு பக்கம் புதிதாக இருந்த கனத்திலேயே இருந்தது. இழுவை விழும் பக்கம் நகத்தின் கனத்துக்கு இளைத்திருந்தது. மேலே இருக்கும் கடினப்படுத்திய அடுக்கு போய்விட்டால், அதற்குப் பிறகு தேய்மானம் ஓட்டமாக ஓடும். ஆகவே செயினை இறுக்கி வைத்து 10 பிட்ச்சைச் சேர்த்து அளந்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 150 மில்லிமீட்டர் பிட்ச் என்றால் புதிதில் 1500 இருக்கும். 1530 ஆனால் 2 சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள், அப்போதே புதுச் செயினுக்குக் கேட்டு எழுதலாம். கொக்கிபோல் வளைந்த பழைய பல்லில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் கெடும்; இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இன்னொன்று. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் செலவு பார்த்து, சட்டங்களின் இரு முனைகளிலும் ஓடும் இரண்டு செயின்களில் இடப்பக்கச் செயினை மட்டும் மாற்றினார்கள். வலப்பக்கம் பழையது, நீண்டது. சில நாட்களிலேயே சட்டங்கள் கோணலாக ஓடி, நள்ளிரவில் வரிசையாக ஆறு போல்ட்டுகள் வெட்டுப்பட்டன. கொதிகலனுக்குச் சக்கை போகாமல் நீராவி இறங்கி அரவையே நின்றது. இரட்டைச் செயின்களை எப்போதும் ஜோடியாக, நீளம் ஒத்துப்பார்த்த ஜோடியாக வாங்க வேண்டும். கரும்புச் சாறு அமிலத்தன்மை உள்ளது. அரவை முடிந்த வாரத்திலேயே செயினைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் வெறுமனே ஓட்டிய பிறகே நிறுத்துங்கள்.